கடல்நாய் ஆய்வுக்கு அமெரிக்க அனுமதி: நோவாவின் 'ஆப்ஸ்' சேவை எப்படி?

காலாங் ஆற்றில் நீர்நாய் உண்டு, சிங்கப்பூர்க் கடலில் கடல்நாய் கிடையாது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் கரைகளில் காட்டுக் கடல்நாய்களை ஆராய நினைப்பவர்கள், அமெரிக்காவின் தேசியக் கடல் மீன்வளச் சேவையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். இது அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவின் ஒரு பிரிவு. விண்ணப்பிக்கும் இணையத்தளத்தின் பெயர் 'ஆப்ஸ்' (பாதுகாக்கப்பட்ட இனங்களுக்கான அங்கீகாரங்கள், அனுமதிகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). எங்கள் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு. கட்டணம் இல்லை. விண்ணப்பமும் கொடுத்த அனுமதியும் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது, பக்கம் பக்கமாக நீளும் படிவம். அதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார வேண்டாம்.

முதலில், வந்த இடம் சரியா என்று பாருங்கள். கடல்நாய், கடல் சிங்கம் எல்லாம் மீன்வளச் சேவையின் பொறுப்பு. வால்ரஸும் அதே குடும்ப வரிசைதான் என்றாலும் அதற்கு மீன், வனவுயிர்ச் சேவை என்ற வேறு துறையிடம் போக வேண்டும். அடுத்து, முழு அனுமதியே தேவையா என்பது. 1972ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் தொந்தரவை இரண்டாகப் பிரிக்கிறது: காயம் ஏற்படக்கூடியது ஏ வகை, நடத்தையை மட்டும் குலைக்கக்கூடியது பி வகை. தூரத்திலிருந்து எண்ணுவது, படமெடுத்து அடையாளம் காண்பது போன்ற பி வகை வேலை மட்டும் என்றால், அருகிவரும் இனங்களின் பட்டியலில் இல்லாத விலங்குக்குப் பொது அங்கீகாரம் என்ற குறுக்குவழி உண்டு. ஒரு நோக்கக் கடிதம் அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் வரும். துறைமுகக் கடல்நாய், வடக்கு யானைக் கடல்நாய் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஹவாய்த் துறவிக் கடல்நாய், குவாடலூப் உரோமக் கடல்நாய், ஆர்க்டிக் வளையக் கடல்நாய் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

விலங்கைப் பிடிப்பது, மயக்குவது, இரத்தம் எடுப்பது, கருவி பொருத்துவது என்றால் முழு அனுமதிதான். இங்கேதான் 'டேக்' அட்டவணை, அதாவது பிடிக்கப்போகும், தொந்தரவு செய்யப்போகும் விலங்குகளின் கணக்கு, வருகிறது. விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இனம், எந்த விலங்குத்தொகையைச் சேர்ந்தது, வயதுநிலை, பால், ஆண்டுக்கு எத்தனை விலங்கு, ஒரு விலங்குக்கு எத்தனை முறை, பிடிக்கும் விதம், செய்யும் சோதனைகள், எந்தத் தேதிகளில் என்று ஒவ்வொரு வரியையும் நிரப்ப வேண்டும். 20 பெண் கடல்நாய்களை வலையில் பிடிக்கப்போகிறீர்கள் என்றால் அந்த 20ஐ யாரும் மறப்பதில்லை. மறப்பது, பக்கத்தில் படுத்திருக்கும் மற்றவற்றை. 10 முறை கரையேறி, ஒவ்வொரு முறையும் 150 விலங்குகள் கலைந்தால், 150 விலங்கு, தலைக்கு 10 முறை என்று இன்னொரு வரி வேண்டும். மொத்தம் 1,500 தொந்தரவு. பிடிபடும் தாயோடு இருக்கும் குட்டிக்கும் தனி வரி போடுங்கள்.

எதைக் கலைந்ததாகக் கணக்கிடுவது என்பதற்கு மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் முதல் படி, அது கணக்கில் சேராது. தன் உடல் நீளத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் நகர்ந்தாலோ, ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது 90 பாகைக்கு மேல் திசை திரும்பினாலோ இரண்டாம் படி. தண்ணீருக்குள் பாய்ந்தால் மூன்றாம் படி. கடைசி இரண்டும் கணக்கில் சேரும். களக் குறிப்பேட்டில் இதே மூன்று படிகளைக் கட்டங்களாகப் போட்டுக்கொண்டால் ஆண்டு அறிக்கை எழுதும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை.

எதிர்பாராத மரணத்துக்கான கட்டத்தில் பூச்சியம் போட்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் கடல்நாய், முங்கும்போது செய்வதுபோல் மூச்சை அடக்கிக்கொள்ளும். கொழுப்புப் படலம் தடிமனானதால் கரையில் வைத்திருக்கும்போது உடல் சூடேறிவிடும். வலையில் சிக்கி நீருக்கடியில் மாட்டிக்கொள்ளவும் கூடும். அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டி ஒன்று இறந்தால் வேலையை நிறுத்திவிட்டு, இரண்டு வேலைநாளுக்குள் தொலைபேசியில் சொல்லி, இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். நியாயமான சிறு எண்ணைக் கேளுங்கள். கூடவே மூச்சுக்குழாய், ஆக்சிஜன், மயக்கத்தைத் தெளிவிக்கும் மாற்று மருந்து, குளிர்விக்கத் தண்ணீர், யார் கையில் மருந்தூசி என்பதையும் எழுதுங்கள். மருந்தின் பெயரோடு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் வேண்டும்.

கருவியை உரோமத்தில் எபாக்சி பசையால் ஒட்டுவது வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை உரோமம் உதிரும்போது அதுவும் விழுந்துவிடும். உதிர்வுக்குச் சற்று முன்பு ஒட்டும் தேதியை எழுதினால், இந்த விலங்கைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்ற சந்தேகம் படிப்பவருக்கு வரும், வரத்தான் வேண்டும். ஏன் 20, ஏன் 12 போதாது, ஏற்கெனவே யாராவது இதைச் செய்துவிட்டார்களா என்ற கேள்விகளுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். தளத்தில் பழைய விண்ணப்பங்களைத் தேடிப் படிப்பதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. இந்த ஒரு வசதிக்காகவே சேவையைப் பாராட்டலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்ட பிறகே அமெரிக்க அரசிதழில் அறிவிப்பு வந்து, பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் ஓடும். கடல்வாழ் பாலூட்டிகள் ஆணையமும் அதைப் படித்துக் கருத்துச் சொல்லும். அருகிவரும் இனம் என்றால் சேவைக்குள்ளேயே நடக்கும் கலந்தாலோசனைக்குச் சட்டப்படி 90 நாளும், அறிக்கைக்கு 45 நாளும் சேரலாம். சாதாரண இனத்துக்கு ஆறு மாதம், பட்டியலில் உள்ளதற்கு ஓராண்டு முன்னதாகத் தொடங்குங்கள். அலுவலகம் மேரிலாந்தில் இருக்கிறது. அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9, குளிர்காலத்தில் இரவு 10.

இங்கே செய்ய வேண்டியதும் உண்டு. பல்கலைக்கழகத்தின் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் (நம்மவர் வாயில் 'ஐயாக்கக்') ஒப்புதலுக்கு முன்கூட்டியே எழுதிப்போடுங்கள். அமெரிக்கத் தரப்பும் அப்படியொரு குழுவின் ஒப்புதலைக் கேட்கும். இரு தாள்களிலும் எண்ணிக்கையும் மருந்தளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதிரியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருவதாக இருந்தால், அனுமதியில் ஏற்றுமதியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துறவிக் கடல்நாய், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் உள்ளது. அதன் மீசை மயிரானாலும் நம் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதி கையில் வந்த பிறகே அமெரிக்கா ஏற்றுமதி அனுமதி தரும். வரிசையை மாற்றினால் உறைகலன் விமான நிலையத்திலேயே நிற்கும்.

முதல் தடவை என்றால், ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் அமெரிக்க ஆய்வாளரின்கீழ் இணை ஆய்வாளராகச் சேர்வதே புத்திசாலித்தனம். ஆள் சேர்ப்பது சிறு மாற்றமாகவே போய்விடும், தகுதிக் குறிப்பு போதும். இனத்தையோ எண்ணிக்கையையோ இடத்தையோ கூட்டினால்தான் பெரிய திருத்தம், மறுபடியும் 30 நாள். கையில் இந்த அனுமதி இருக்கிறது என்பதற்காகக் கரையில் கால் வைத்துவிடவும் முடியாது. சரணாலயம், மாநிலப் பூங்கா, வனவுயிர்ப் புகலிடம் ஒவ்வொன்றுக்கும் நுழைவு அனுமதி தனி, ஆப்ஸில் அதற்கான படிவம் இல்லை.