டோரேமான் பொம்மை தைக்க எது தோது: ஃபெல்ட்டா, ஃபிலீஸா, பனியன் துணியா?

ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் நீல நிற ரோபோ பூனை டோரேமானைப் பார்த்தால் தைக்க இவ்வளவு சுலபமான உருவம் வேறில்லை என்று தோன்றும். காது இல்லை, விரல் இல்லை, தலை ஓர் உருண்டை, உடம்பு இன்னோர் உருண்டை. ஆனால் சிக்கலே அந்த உருண்டையில்தான். தட்டைத் துணியைச் சுருக்கம் விழாமல் உருண்டையாக்க, அது கொஞ்சமாவது இழுத்துக்கொடுக்க வேண்டும்.

ஃபெல்ட், அதாவது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி, ஸ்டேஷனரி கடையிலேயே எல்லா நிறத்திலும் கிடைக்கும், வெட்டினால் நூல் பிரியாது. அதனால்தான் புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். ஆனால் அது இழுபடாது. நாலு துண்டு சேர்த்துத் தலை தைத்தால் ஒவ்வொரு தையலும் ஒரு மூலையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், ஆறு எட்டு துண்டாகப் பிரித்தால்தான் உருண்டை மாதிரி தெரியும். இரண்டு தடவை துவைத்தால் மேலே பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். மூக்கு, வாய் போன்ற சின்ன விஷயங்களுக்கு அருமையான துணிதான், உடம்புக்கு வேண்டாம்.

பனியன் துணி எனக்குப் பிடித்தது, குறிப்பாக நம் ஊர் வெயிலுக்கு. திருப்பூரில் கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும், சுத்தமான பருத்தி என்றால் கைக்குழந்தை வாயில் வைத்தாலும் மனசு உறுத்தாது. குறை என்னவென்றால் ரொம்பவே இழுபடும். பஞ்சு அடைக்க அடைக்க உப்பிக்கொண்டே போய் தலை பூசணிக்காய் ஆகிவிடும், வெட்டிய ஓரமும் தானாகச் சுருண்டுகொள்ளும். அயர்ன் பண்ணினால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பேப்பர் கேன்வாஸை உள்பக்கம் ஒட்டிவிட்டுத் தைத்தால் இது அடங்கும். அப்புறம் சாயம்! கழுத்துப் பட்டையின் சிவப்பு வெள்ளை முகத்தில் இறங்கினால் அவ்வளவுதான், அதனால் வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் தனித்தனியாக அலசிக் காயவையுங்கள்.

என் ஓட்டு ஃபிலீஸுக்குத்தான், போர்வை செய்கிற மெத்தென்ற பாலியஸ்டர் துணி அது. நூல் பிரியாது, ஒரு பக்கமாக அளவாக இழுத்துக்கொடுக்கும், கையால் போட்ட கோணல் தையல்கூட அந்தப் புசுபுசுவான மேற்பரப்பில் மறைந்துவிடும். மீட்டர் கணக்கில் கிடைக்காவிட்டால் நீல நிற ஃபிலீஸ் போர்வை ஒன்று வாங்கி வெட்டுங்கள், நாலைந்து பொம்மைக்கு வரும். இழுபடும் திசை தலையைச் சுற்றி அகலவாட்டில் வருகிற மாதிரி எல்லாத் துண்டையும் ஒரே போக்கில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். மிஷினில் 14ஆம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி (முனை சற்று மழுங்கியது), தையல் நீளம் 3 மில்லிமீட்டர், தையலுக்கு ஓரம் 6 மில்லிமீட்டர் விட்டால் போதும். பாலியஸ்டர் என்பதால் சூடான அயர்ன் பாக்ஸ் மட்டும் படக்கூடாது, உருகிவிடும்.

உள்ளே அடைக்க இலவம் பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டிகட்டியாகிக் காயவும் காயாது. பாலியஸ்டர் பஞ்சை நன்றாகப் பிய்த்து உதறி, சின்னச் சின்னப் பிடியாக, கழுத்தில் கொஞ்சம் இறுக்கமாகவே அடையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெரிய தலை சாய்ந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு என்றால் பிளாஸ்டிக் கண்ணும் நிஜ மணியும் வைக்காதீர்கள், பிய்த்து விழுங்கிவிடும். கண், மூக்கு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு மீசை, மஞ்சள் மணி எல்லாவற்றையும் நூலாலேயே எம்பிராய்டரி போட்டுவிடுங்கள், அதுவும் பஞ்சு அடைப்பதற்கு முன்பே.