மேனுவலா, அப்பர்ச்சரா, ஆட்டோ ஐஎஸ்ஓவா? சாமநத்தம் முதல் தனுஷ்கோடி வரை ஓர் அலசல்

கண்மாய்க் கரையில் புதுக் கேமராவோடு நிற்கிற தம்பிகள் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: "அண்ணே, எந்த மோடுல வைக்கணும்?" இதற்கு மூன்று பதில்கள் உண்டு, மூன்றுக்கும் கட்சிக்காரர்களும் உண்டு. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளியை உள்ளே விடுகிற நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) மூன்றையும் நாமே வைக்கிற முழு மேனுவல் முதல் கட்சி. அப்பர்ச்சரை மட்டும் வைத்துவிட்டு ஷட்டரைக் கேமராவிடம் விடுகிற அப்பர்ச்சர் பிரையாரிட்டி அடுத்தது. கேனான் டயலில் ஏவி, நிக்கானிலும் சோனியிலும் ஏ என்று இருக்கும். அப்பர்ச்சரும் ஷட்டரும் நம் கையில், ஐஎஸ்ஓ கேமரா கையில் என்கிற மேனுவல் பிளஸ் ஆட்டோ ஐஎஸ்ஓ மூன்றாவது. ஷட்டரை மட்டும் நாம் வைக்கிற ஷட்டர் பிரையாரிட்டி என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் தூரத்தைக் கிட்டே இழுக்கிற டெலி லென்ஸை எப்படியும் முழுதாகத் திறந்துதான் எடுக்கப் போகிறோம், அதற்கு மூன்றாவதே போதும். ஷட்டர் பிரையாரிட்டியை விட்டுவிடலாம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் நம்மூர் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம். மதுரை இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில். இங்கே சூரியன் சாய்ந்து ஏறாது, கிட்டத்தட்ட நட்டமாக ஏறும். அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயர இங்கே சுமார் 25 நிமிடம். அதே உயரத்துக்கு லண்டனில் மார்ச் மாதத்தில்கூட 40 நிமிடம் போல ஆகும். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் நிதானமாக விளக்குகிற 'கோல்டன் ஹவர்', அதாவது சூரியன் தாழ இருக்கிற பொன்னொளி நேரம், நமக்கு அரை மணி நேரம்தான். அதனால் "பொறுமையாக மேனுவலில் பழகுங்கள்" என்ற அறிவுரை இங்கே பாதிதான் செல்லும்.

வெளிச்சம் மாறுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. பறவை மேல் விழும் ஒளி மாறுவது ஒன்று. பறவை மேல் ஒளி அப்படியே இருக்க, அதன் பின்னணி மாறுவது இன்னொன்று. கேமராவில் ஒளியை அளக்கிற மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு உலகமே நடுச் சாம்பல். வெள்ளையையும் கருப்பையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். மூன்று கட்சிகளின் சண்டையும் இதில்தான் தீர்கிறது என்பது என் கட்சி.

முதலில் சாமநத்தம் கண்மாய். மதுரையை ஒட்டியே இருக்கிறது, பஸ்ஸில் போய் இறங்கலாம். உள்ளே கருவேல மரங்கள், நடுவே தண்ணீர், மேலே திறந்த வானம். மழைக்காலம் முடிந்த தை மாதக் காலை எட்டு மணி, மேகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவேல மரத்திலிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு கிளம்புகிறது. முதல் இரண்டு இறக்கை அடிக்குப் பின்னால் கரும்பச்சை இலை. அடுத்து வெளிறிய வானம். அப்புறம் கீழே இறங்கி, மினுமினுக்கும் தண்ணீர். எல்லாம் சேர்த்து நான்கைந்து விநாடி.

அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் இருந்தால், இருண்ட இலையைப் பார்த்த மீட்டர் ஷட்டரைத் தளர்த்திவிடும். கொக்கின் இறகெல்லாம் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். வானத்துக்கு வந்ததும் நேர்மாறாக, அதே கொக்கு அழுக்குச் சாம்பல். மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கிற காம்பென்சேஷனை முதலில் மைனஸ் ஒன்றரைக்கும் பிறகு பிளஸ் ஒன்றரைக்கும் திருப்ப வேண்டும். அந்த நேரத்துக்குள் எந்தக் கட்டைவிரலாலும் முடியாது. ஆட்டோ ஐஎஸ்ஓவும் இதே தப்பைத்தான் செய்யும், ஷட்டருக்குப் பதிலாக ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கி. இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா பாடிகள் பறவையின் கண்ணைப் பிடிப்பதில் கெட்டி, வெள்ளை இறகின் கணக்கில் அவ்வளவு கெட்டி இல்லை.

மேனுவலில் இந்தப் பிரச்சினையே எழாது. கொக்கின் மேல் விழுவது ஒரே வெயில். அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/2500 விநாடி என்று தோராயமாக வைத்து, கரையில் சும்மா நிற்கிற ஒரு கொக்கை எடுத்து ஹிஸ்டோகிராமை (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டுகிற வரைபடம்) பாருங்கள். மேடு வலது ஓரத்தில் முட்டாமல் அதற்குச் சற்று முன்னால் நின்றால் சரி. அதன்பின் பின்னணி என்னவானாலும் கை வைக்க வேண்டாம். நீர்க்காகம் வந்தால் மட்டும் ஷட்டரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிப்பாகிற அளவு, தளர்த்தலாம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கொக்கின் கணக்கிலேயே அடங்கிவிடும். ஆனால் ஆறே முக்காலிலிருந்து ஏழரைக்குள் ஒளி கிடுகிடுவென ஏறும். அந்த நேரத்தில் அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சோம்பல்படுபவர்களுக்கு மேனுவல் வேண்டாம்.

காட்டுக்குள் நுழைந்தால் கதை தலைகீழ். அழகர்மலையில் நூபுரகங்கைக்குப் போகிற பாதையில் ஒரு நாட்டுக் குரங்கு நிழலில் இருந்து வெயில் பொட்டுக்குத் தாவினால் அதன் மேல் விழும் ஒளியே மூன்று, நான்கு ஸ்டாப் மாறுகிறது. இங்கே முழு மேனுவல் என்பது வீம்பு. அப்பர்ச்சர் பிரையாரிட்டியோ நிழலுக்குள் சத்தமில்லாமல் 1/60க்கு இறங்கிவிடும். குரங்கு தலையைத் திருப்பினாலே படம் கலங்கிப்போகும். மேனுவல் பிளஸ் ஆட்டோ ஐஎஸ்ஓவில் ஷட்டரை 1/500இல் நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓ உச்சவரம்பை 6400 என்று வைத்தால் மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். படத்தில் புள்ளிப் புள்ளியாக நாய்ஸ் வரும்தான். நாய்ஸைக் கணினியில் குறைக்கலாம், கலங்கல் கலங்கல்தான்.

அப்பர்ச்சர் கட்சிக்காரர்கள் உடனே, "ஆட்டோ ஐஎஸ்ஓவுல மினிமம் ஷட்டர் ஸ்பீடு வச்சா ஷட்டர் அதுக்குக் கீழ இறங்காதே, அதுவும் இதேதானே" என்பார்கள். பெரும்பாலும் உண்மை. குரங்கு உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்ததும் ஷட்டரை 1/160க்கு இறக்கி ஐஎஸ்ஓவைக் குறைக்க விரும்பினால், அவர்கள் மெனுவைத் திறக்க வேண்டும். நமக்கு ஒரு டயல் திருப்பு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எனக்கு அது போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சாம்பல் நிற அணிலைத் தேடிப் போகிறவர்களுக்கும் இதுவே. 1988இல் அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அணில் உச்சிக் கிளையில், பின்னால் இலை இடுக்கெல்லாம் வெள்ளை வானம். ஆட்டோ ஐஎஸ்ஓவோடு பிளஸ் ஒன்றுக்கு மேல் காம்பென்சேஷன் கொடுத்தால்தான் முகம் தெரியும். மேனுவல் பிளஸ் ஆட்டோ ஐஎஸ்ஓவில் காம்பென்சேஷன் வேலை செய்யாத பழைய பாடிகள் சில உண்டு, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில்தான் அப்பர்ச்சர் பிரையாரிட்டிக்கு மரியாதை. ஒரு பக்கம் மீனவர்கள் பெண் கடல் என்கிற பாக் நீரிணை, மறுபக்கம் அலையடிக்கிற ஆண் கடல், மன்னார் வளைகுடா. ட்ரைபாடில் கேமரா, எஃப் 11, ஐஎஸ்ஓ 100. சூரியன் வருமுன் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் ஏறும், ஆனால் காட்சி அசையாது. மைனஸ் முக்கால் கொடுத்துவிட்டு ஷட்டரைக் கேமராவிடம் விட்டால் ஒழுங்காகச் செய்யும். சூரிய வட்டம் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்த்த கணமே மேனுவலுக்கு மாறுங்கள். இல்லையென்றால் கேமராவை ஒரு விரல்கடை நகர்த்தினாலும் எக்ஸ்போஷர் குதிக்கும். 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவர் ஒரு படத்தில் கருப்பாகவும் அடுத்ததில் வெளிறியும் வரும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்தால் சாமநத்தம் கணக்குத்தான், மேனுவல். உப்புக் காற்றில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அது எந்த மோடுக்கும் பொது.

இழுபறியான இடம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இந்தக் குன்றுகளில் வல்லூறும் ராசாளிக் கழுகும் பாறை முகப்பிலிருந்து வானத்துக்குப் பாயும். பின்னணி மாறுகிறது, ஆக மேனுவல். ஆனால் ஆடிக் காற்றில் மேகம் ஓடுகிற நாளில் வெயிலும் வந்து வந்து போகும், ஆக ஆட்டோ. அங்கே நான் பார்ப்பது வானத்தை அல்ல, காலடியில் விழும் என் நிழலை. நிழலின் விளிம்பு கூர்மையாக அசையாமல் கிடந்தால் மேனுவல். மங்கி மங்கித் தெளிந்தால் ஆட்டோ ஐஎஸ்ஓ, கூடவே வானத்துக்காகப் பிளஸ் ஒன்று. பாறைக்கு முன்னால் அது கொஞ்சம் வெளுக்கும்; சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற ரா ஃபைலில் எடுத்தால் அந்த அளவு மீட்டுவிடலாம்.

இத்தனையையும் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பவர்கள் கேமரா டயலில் நம் அமைப்புகளைச் சேமிக்கிற சி1இல் மேனுவலை 1/2500இலும், சி2இல் ஆட்டோ ஐஎஸ்ஓவை 1/500, பிளஸ் முக்காலிலும் சேமித்துவிடுங்கள். ட்ரைபாடுக்கு ஏவி தனியாக இருக்கட்டும். சேமித்த மோடுக்குத் திரும்பியதும் காம்பென்சேஷனும் பழைய இடத்துக்கே வரும்படி மெனுவில் ஒரு அமைப்பு பல பாடிகளில் உண்டு. அதைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.