படுத்தும் நின்றும் அளந்து பார்த்த வீட்டு ரத்த அழுத்தக் கருவி

எழுபத்து மூன்று வயதான என் தந்தை, காலையில் கட்டிலை விட்டு எழும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லத் தொடங்கியதால், மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் மின்னணுக் கருவி ஒன்றை 2,100 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதங்களாக அதைப் பயன்படுத்தி வருகிறோம்.

அவரை உட்கார வைத்துப் பார்த்தபோதெல்லாம் 130/80 என்ற அளவே வந்தது. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் இதனால் வரும் அழுத்தக் குறைவை உடனே கண்டுகொண்டு மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவிக்க, அது இதயத்தின் வேகத்தை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தி இதயத் துடிப்பைக் கூட்டுவதோடு, பரிவு நரம்புகளின் வழியாக ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சில வினாடிகளில் நடந்து முடியும் இந்த வேலையில் தொய்வு இருக்குமானால், உட்கார்ந்த நிலையில் எடுக்கும் அளவு அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆகவே மருத்துவர் சொன்னபடி, ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் அளந்தோம். படுத்திருந்தபோது 138/80, நின்றவுடன் 112/70, மூன்றாம் நிமிடத்தில் 116/72. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் வரையறை. அதைவிட மருத்துவர் கூர்ந்து பார்த்தது நாடித் துடிப்பைத்தான்: 68இலிருந்து 72ஆக மட்டுமே அது ஏறியிருந்தது. அழுத்தம் இவ்வளவு இறங்கியும் இதயம் விரைவுபடாததால், இருபது ஆண்டுச் சர்க்கரை நோய் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் இயக்கும் அந்த நரம்புகளைப் பழுதாக்கியிருக்கலாம் என்றார். சிறுநீர்த் தடைக்காக அப்பா உட்கொண்டுவந்த மாத்திரையும் ரத்தக் குழாய்ச் சுருக்கத்தைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால், அதை இரவு வேளைக்கு மாற்றினார்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒருமுறை அளந்து முடிக்க ஏறத்தாழ நாற்பது வினாடி ஆகிறது. எழுந்த முதல் பதினைந்து வினாடிகளுக்குள் ஏற்படும் சரிவு இதன் கண்ணில் படவே படாது. பட்டை தளரும்போது தமனியில் எழும் அதிர்வுகளைக் கொண்டு சராசரி அழுத்தத்தை அறிந்து, மேல், கீழ் எண்களைக் கணக்கிட்டுத் தரும் முறை இது என்பதால், துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு எண்கள் தாறுமாறாக வரக்கூடும். கையேடு உட்கார்ந்து அளப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நின்று அளக்கும்போது கையைத் தொங்கவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும், பட்டை இதயத்தின் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதை நாங்கள் முதல் வாரத்து அளவுகளையெல்லாம் வீணாக்கிய பிறகே அறிந்தோம். இப்போது அப்பா அலமாரித் தட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பதும் கட்டாயம்.

அறுபது அளவுகளைத் தேதியோடு சேமித்து வைப்பது நல்ல வசதி. மருத்துவரிடம் அப்படியே காட்ட முடிகிறது. மின்இணைப்பி உடன் வரவில்லை, நான்கு பேட்டரிகள் தேவை. கூடவே வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கே பொருந்தும். பருத்த கையில் இறுக்கிக் கட்டினால் இல்லாத ரத்தக் கொதிப்பை இருப்பதாகக் காட்டிவிடும். வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் தையல் நாடாவால் மேற்கையை அளந்துகொண்டு, தேவையானால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்கவும்.