உக்கடத்து மேனுவல் ஏசி செட்: யாருக்கு உதவும், யாருக்குத் தண்டம்?

பத்து வருஷம் தாண்டிய காரில் ஆட்டோ கிளைமேட் பேனல் (வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏசி பேனல்) போய்விட்டால், புதுசின் விலையைக் கேட்டவர்கள் அடுத்து எட்டிப்பார்ப்பது கோவை உக்கடம் பழைய ஸ்பேர் கடைகளைத்தான். அதே மாடலின் கீழ் வேரியன்ட்டிலிருந்து கழற்றிய, கையால் திருப்பும் திருகு வைத்த மேனுவல் பேனல் அங்கே கிடைக்கும். ஆட்டோவில் மோட்டார் திருப்பும் காற்று மடல்களை இதில் கேபிள் இழுக்கும். மாருதி எஸ்எக்ஸ்4-ல் இசட்எக்ஸ்ஐக்கு ஆட்டோ, விஎக்ஸ்ஐக்கு மேனுவல் என்று வந்ததுபோல, இரண்டு வகையிலும் வந்த வண்டிக்கு மட்டும்தான் இது ஒத்துவரும். ஏசி பேனல் கேன் லைனில் (கன்ட்ரோல் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் டேட்டா வயர்) இன்ஜின் ஈசியூவோடு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பேசும் வண்டியா? கையே வைக்காதீங்க.

முதலில் கெட்டது பேனல்தானா என்று பாருங்க. சாவி போட்டதும் டேஷ்போர்டுக்குள் டிக்டிக் சத்தம் வந்தால் மடல் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கிறது; அந்த மோட்டார் ஒன்றை மாற்றினால் போதும். ஏசி காற்றைத் தள்ளும் புளோயர் எப்போதும் முழு வேகத்திலேயே ஓடினால் அனேகமாக அதன் வேகத்தை மாற்றும் பவர் டிரான்சிஸ்டர் போயிருக்கும். குளிர் கூடிக் குறைந்து படுத்தினால் கேபின் சென்சாரின் காற்றுத் துளையை ஊதிச் சுத்தம் பண்ணுங்க. திருப்பூர் வண்டி என்றால் பஞ்சுத் தூசியே அடைத்திருக்கும்.

பேனல்தான் போச்சு என்று உறுதியானால் முழு செட்டாக வாங்குங்க: பேனல், கேபிள்கள், புளோயர் ரெசிஸ்டர் (மேனுவலில் வேகம் மாற்றுவது), ஏசி ஆம்ப்ளிஃபயர் (கம்ப்ரசரை நேரத்துக்குக் கட் பண்ணும் பெட்டி), எவாப்பரேட்டர் சென்சார் (குளிர்விக்கும் காயிலின் வெப்பம் பார்ப்பது), ஒரு சாண் வயர் விட்டு வெட்டிய கனெக்டர்கள். கேபிள் மாட்டுகிற குட்டி லீவர்களைக் கடைக்காரர் தானாகத் தர மாட்டார், கேட்டு வாங்கணும். அது இல்லாவிட்டால் மீதி எல்லாம் இருந்தும் வேலை நடக்காது.

ரெசிஸ்டரை டிரான்சிஸ்டர் இருந்த இடத்திலேயே, காற்றுப் பாதைக்குள் மாட்டணும். துளை பொருந்தவில்லை என்று வெளியே தொங்கவிட்டால் காற்றுப் படாமல் சூடேறி, உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். அப்புறம் கடைசி வேகம் மட்டும்தான் ஓடும். அந்தக் கடைசி வேகத்தில் பல வண்டிகளில் மோட்டாரின் முழு கரன்ட்டும் புளோயர் சுவிட்ச் வழியாகவே போகும். எர்த் வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கனெக்டர் உருகும்.

கேபிள் மாட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெப்பத் திருகைக் கடைசிக் குளிரில் வைத்து, சூடு-குளிர் மடலைக் கையால் முட்டும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே வெளி உறையைக் கிளிப்பில் அழுத்தணும். முதலில் கிளிப் போட்டுவிட்டால் மடல் நூலளவு திறந்தே நிற்கும், ஹீட்டர் சூடு கசிந்து ஏசி குளிராது. கேஸ் குறைவு என்று சொல்லி வீணாக கேஸ் ஏற்றுவதும் இதனால்தான்.

கம்ப்ரசர் பக்கம் இன்னும் கவனம். கம்ப்ரசரைப் போடச் சொல்லும் சிக்னலைப் பல வண்டிகளில் எர்த் கொடுத்தே ஈசியூவுக்குச் சொல்லணும். டயகிராம் பார்க்காமல் 12 வோல்ட் கொடுத்தால் ஈசியூ போய்விடலாம். சென்சாரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே வண்டியிலிருந்து வந்த ஜோடியாக இருக்கட்டும். ஜோடி மாறினால் கம்ப்ரசர் நேரத்துக்குக் கட் ஆகாமல் எவாப்பரேட்டரில் பனி கட்டும்: அரை மணி ஓடியதும் காற்று குறையும், நிறுத்தி வைத்துப் போட்டால் திரும்ப வரும். கேஸ் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சைத் தாண்டி வயரை நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்கிற எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடாதீங்க. கேஸ் இறங்கினால் ஆயில் சுற்றாது, கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும்.

ஈரோடு, கரூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று அதன் சுடுதண்ணீர் ஹோஸை மடக்கிக் கட்டிய வண்டிகள் நம்ம பக்கம் நிறைய. அப்படிப்பட்ட வண்டிக்கு சூடு-குளிர் மடலின் கேபிளே வேண்டாம், வேலை பாதியாகும். ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறுகிறவர்கள் ஹீட்டரையும் கண்ணாடிக் காற்று மடலையும் விடக்கூடாது. மூடுபனியில் கண்ணாடி தெளிய ஏசியும் சூடும் சேர்ந்தே வேணும்.

முழு செட் கிடைத்து, டேஷ்போர்டு இறக்கத் தெரிந்த ஆளும் அமைந்தால் இது நல்ல மாற்று. தானாக வெப்பம் பார்த்துக்கொள்ளும் வசதி ஒன்றுதான் போகும். பழைய வயரிங்கை வெட்டாமல் கனெக்டர் முனையில் டேப் சுற்றி உள்ளேயே விடச் சொல்லுங்க. கழற்றிய மோட்டார்களையும் டிக்கியில் போட்டு வையுங்க, நாளைக்கு வண்டி வாங்குகிறவர் கேட்பார்.