சிடி34ஐத் தேடும்போது: காந்தமா, லேசரா, நுணுக்குக்காட்டியா?

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்த பிறகும் தோல் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் பச்சைத் தோலை மட்டும் நம்பி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. வடிவத்தையும் வாசத்தையும் சேர்த்தே பார்ப்போம். இங்கே ஆய்வுகூடப் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு, வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக்கலமான ஸ்டெம் செல்லைப் பற்றி நான் முதலில் சொல்வதும் இதுதான்.

குருதி ஸ்டெம் செல்லுக்கு சிடி34 என்ற மேற்பரப்புப் புரதம்தான் பேர்போன அடையாளம். ஆனால் அது குருதிக்குழாயின் உட்சுவர்க் கலங்களிலும் இருக்கிறது. ஆகவே சிடி34 கிடைத்துவிட்டது என்பதோடு வேலை முடியாது.

காந்த முறையில், சிடி34ஐப் பற்றும் பிறபொருளெதிரியோடு மிகச் சிறிய காந்தமணியை இணைக்கிறார்கள். காந்தத்துக்குள் வைத்த குழாயில் மாதிரியை ஊற்றினால் வேண்டிய கலங்கள் தங்கிவிடும், மற்றவை வடிந்துவிடும். செலவு குறைவு, மின்சாரமும் தேவையில்லை. நிறையக் கலங்களை உயிரோடு எடுக்கலாம். ஆனால் தங்கியது உண்மையில் என்ன என்று காந்தம் சொல்லாது.

அதைச் சொல்வது புளோ சைற்றோமீற்றர். கலங்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் போகும். பிறபொருளெதிரிகளில் இணைத்த பல நிறச் சாயங்களை ஒரே கலத்தில் அளக்கலாம். இதில்தான் என் மனம் நிற்கிறது. குருதி ஸ்டெம் செல்லில் சிடி34 தெளிவாகவும், வெண்குருதிக் கலங்களின் அடையாளமான சிடி45 மங்கலாகவும் தெரியும். பக்கவாட்டில் சிதறும் ஒளியும் குறைவு. மூன்றும் ஒரே கலத்தில் பொருந்தினால்தான் கணக்கில் எடுப்போம். இறந்த கலங்களில் பிறபொருளெதிரி சும்மாவே ஒட்டிக்கொள்ளும், அதனால் அவற்றைத் தனிச் சாயம் போட்டு விலக்க வேண்டும். இதை மறந்தால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். கருவியின் விலைதான் பெரிய தடை.

என்பு, கொழுப்பு போன்ற இழையங்களாக மாறக்கூடிய, தட்டில் ஒட்டி வளரும் மீசென்கைமல் கலங்களுக்கு ஒளிர்சாய நுணுக்குக்காட்டி நல்ல துணை. அவற்றைப் பிரித்தெடுக்க புரதத்தை வெட்டும் நொதியமான ட்ரிப்சின் போட்டால் சில மேற்பரப்புப் புரதங்களும் வெட்டுப்பட்டுப்போகலாம். நுணுக்குக்காட்டியிலோ இருந்த இடத்திலேயே பார்க்கலாம். எண்ணுவதற்கு மட்டும் அது சரிவராது.

என் தெரிவு: காந்தத்தால் செறிவாக்கி, ஒரு பகுதியை லேசரில் சரிபார்ப்பது. மீசென்கைமல் கலங்களுக்கு அதுவும் போதாது. அவற்றின் அடையாளப் புரதங்களான சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் சாதாரண நார்க்கலங்களிலும் தெரியும். அதனால்தான் 2006இல் வந்த சர்வதேச வரையறை, அந்தக் கலங்கள் என்பாகவும் கொழுப்பாகவும் கசியிழையமாகவும் மாறுவதைத் தட்டில் காட்டச் சொன்னது.