14,800 வெள்ளி போனது, செத்த கேபிள் இன்னும் சீலிங்கில்தான் கிடக்கிறது

கோலாலம்பூரில் பழைய கட்டடத்தை நிர்வாகம் செய்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எங்கள் கட்டடத்தின் பராமரிப்புப் பணத்தில் 14,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போய்விட்டது. போன சனி, ஞாயிறில் நடந்தது. இன்று வியாழன். நாலு நாளாகச் சரியான தூக்கமில்லை. நடந்ததையும், யாரும் பயன்படுத்தாமல் சீலிங்கில் கிடக்கும் பழைய கேபிளை அகற்றும் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

மஸ்ஜிட் இந்தியா பக்கம் 12 மாடிக் கட்டடம், 1970களில் எழுப்பியது. கீழே துணிக்கடைகள், மேலே வக்கீல் அலுவலகம், டியூஷன் சென்டர், டிராவல்ஸ். நான் நிர்வாகக் குழுவின் பொருளாளர். 50 வருடத்தில் எத்தனையோ வாடகைக்காரர்கள் வந்து போனார்கள், ஒருவர்கூடத் தன் கம்பியைக் கழற்றிக்கொண்டு போனதில்லை. 7வது மாடியில் சீலிங் பலகை ஒன்று தொங்க ஆரம்பித்தது. தள்ளிப் பார்த்தால் தேர்வடம் மாதிரி ஒரு கத்தை. சாம்பல் நிற டெலிபோன் கேபிள், பழைய நெட்வொர்க்கின் கறுப்பு கோஆக்ஸ் கேபிள், கேட் 3, கேட் 5 எனும் கம்ப்யூட்டர் கேபிள்கள், எந்தக் காலத்து இன்டர்காமோ தெரியாத கம்பி எல்லாம் அந்தப் பலகையின் மேல்தான் படுத்திருந்தன. பிஏபிஎக்ஸ் பெட்டியை (கட்டடத்துக்குள் டெலிபோன்களை இணைக்கும் பெட்டி) தூக்கிப் போட்டு எத்தனையோ வருடமாகிறது, அதன் 25 ஜோடிக் கேபிள் மட்டும் ரைசரில் (மாடிக்கு மாடி கேபிள் போகும் செங்குத்து வழி) மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. புது ஃபைபர் இழுக்க இடமே இல்லை.

வீட்டு வேலை, கட்டட வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் செயலி ஒன்றில் போட்டேன். மூன்று விலை வந்தது. 31,000, 27,500, 18,500. குறைந்த விலைக்காரரை வந்து பார்க்கச் சொன்னேன்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். "வணக்கம் அண்ணே" என்று சொல்லி, சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விலை பேசவே இல்லை. பையிலிருந்து டோனரை எடுத்தார், கம்பியின் ஒரு முனையில் ஒலி அனுப்பி அதே கம்பியை வேறு இடத்தில் கண்டுபிடிக்கும் கருவி. கீழே டெலிபோன் அறையில், கம்பிகள் எல்லாம் வந்து சேரும் குரோன் கட்டையில் ஒரு ஜோடியைக் கவ்வ வைத்துவிட்டு என்னை 7வது மாடிக்குக் கூட்டிப்போனார். ஏணியில் ஏறி, அந்தக் கத்தைக்குள் பேனா போன்ற கருவியை ஒவ்வொரு கம்பியாகக் கொண்டுபோனார். சத்தமில்லை. சத்தமில்லை. ஒரு கம்பியில் மட்டும் கீச்சென்று கத்தியது. அதில் சிவப்பு டேப் சுற்றினார்.

"பாருங்கண்ணே, இது வக்கீல் ஆபீஸ் லைன். உசுரோட இருக்கு. மத்ததெல்லாம் செத்துருச்சுனு நெனச்சு வெட்டக்கூடாது. ஒவ்வொண்ணா கேட்டுத்தான் வெட்டணும்."

அங்கேயே நான் அவரை நம்பி விழுந்துவிட்டேன். கீழே மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே இன்னும் சொன்னார். இந்தக் கேபிளின் தோல் பிவிசி, எரிந்தால் கரும்புகையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும், மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டால் அது அமிலம். சீலிங் மேல் இருக்கும் இடம் ஏசி காற்று திரும்பிப் போகும் வழியாக இருந்தால், எரிவது ஒரு மூலையில் என்றாலும் புகை எல்லா அறைக்கும் போகும். டெலிபோன் கம்பியில் சாதாரணமாக 48 வோல்ட்தான், மணி அடிக்கும்போது 90 வோல்ட் வரை ஏறும், ஏணியில் நிற்கிறவன் உதறி விழுந்தால் முடிந்தது. அமெரிக்க மின்கம்பி விதிகளில் 2002லிருந்தே கை எட்டும் இடத்தில் கைவிட்டுக் கிடக்கும் கேபிளை அகற்றியாக வேண்டும், பின்னால் தேவைப்படும் என்றால் டேக் கட்டிவைக்க வேண்டும். கேபிளை உருவிய ஓட்டையைத் தீத்தடுப்பு சீலன்ட் வைத்து அடைக்காவிட்டால் ரைசரே புகைபோக்கியாகிவிடும்.

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பிறகு வயர்மேன் வேலை பார்க்கும் என் மைத்துனரிடம் கேட்டேன், எல்லாம் சரி என்றார். வயிறு எரிவதே அதனால்தான். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்த மனிதர், அந்த அறிவை என்னை நம்பவைக்க மட்டுமே செலவழித்தார்.

பணம் போன கதை இது. செயலி வழியாக முதலில் 3,700 வெள்ளி கட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். "அண்ணே, குப்பை அள்ளுற பெரிய ரோரோ தொட்டிக்கு முன்பணம் கேக்கறாங்க, சனி ஞாயிறு கூலி டபுள். ஆப் மூலமா கட்டுனா கமிஷன் புடிச்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எனக்கு வரும். நேரா போட்டுருங்க, கடைசி பில்லுல கழிச்சுத் தர்றேன்." 11,100 வெள்ளியை அவர் கொடுத்த கணக்குக்கு மாற்றினேன். கணக்கு வேறு ஒருவர் பெயரில் இருந்தது. "பார்ட்னர் கணக்கு" என்றார். "ஆப்ல முதல் கட்டம் முடிஞ்சதுனு அமுக்கிருங்கண்ணே, அப்பத்தான் தம்பிங்களுக்குச் சம்பளம்" என்றார், அதையும் அமுக்கினேன். மொத்தம் 14,800 வெள்ளி. 18,500ல் 80 விழுக்காடு, ஒரு கம்பிகூட இறங்குவதற்கு முன்பே.

சனிக்கிழமை ஐந்து பேர் ஒரு லோரியில் வந்தார்கள். டோனர் வரவில்லை, கட்டர்தான் வந்தது.

காலை 11 மணிக்குக் காவல் அறையில் இருக்கும் தீ எச்சரிக்கைப் பெட்டி கத்தியிருக்கிறது, கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கும் எரிந்திருக்கிறது. நேப்பாளி காவலாளி மேலே போய்க் கேட்டிருக்கிறார். "வேலை நடக்குது, கத்தத்தான் செய்யும், பட்டனை அமுக்கிட்டே இரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாவம், சாயங்காலம் 6 மணி வரை உட்கார்ந்து அமுக்கியிருக்கிறார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

திங்கள் காலை வக்கீல் அலுவலகத்தில் டெலிபோன் இல்லை, இன்டர்நெட் இல்லை. டியூஷன் சென்டரிலும் இல்லை. லிஃப்டுக்குள் இருக்கும் அவசர இன்டர்காம் பேசவில்லை. ஏணி போட்டு 7வது மாடி சீலிங்கில் தலையை விட்டேன். அவர் சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது, டேப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கம்பி வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாயில் செம்பு புதுக் காசு போல மின்னியது. செம்பு கனமாக இருந்த 25 ஜோடிக் கேபிள்கள் எல்லாம் போயிருந்தன, பழைய இரும்புக் கடையில் காசாகியிருக்கும். செம்பு அதிகமில்லாத கோஆக்ஸும் மற்ற குப்பையும் இருந்த இடத்திலேயே கிடந்தன. முரட்டுத்தனமாக உருவியதில், பக்கத்தில் உயிரோடு இருந்த கேபிள்களின் தோல் உராய்ந்து கிழிந்து உள்ளே கலர் கலராக ஜோடிகள் தெரிந்தன. 5வது மாடியிலும் 9வது மாடியிலும் சிவப்புத் தோல் போட்ட தீ எச்சரிக்கைக் கேபிளும் துண்டாகிவிட்டது. ரைசர் ஓட்டைகள் எதுவும் அடைக்கப்படவில்லை. 4வது மாடி விளக்கு வெளிச்சம் 5வது மாடிக்குத் தெரிகிறது.

போன் செய்தேன். "தம்பிங்க தெரியாம வெட்டிட்டாங்கண்ணே, நாளைக்கு நானே வர்றேன்." செவ்வாய்க்கிழமை, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நானும் முட்டாள்தனமாக "முதல்ல அம்மாவைப் பாருங்க" என்றேன். புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். கூப்பிட்டால் போன் போகவில்லை.

செயலிக்காரர்களிடம் போனால் முதலில் இயந்திரம் பதில் சொல்கிறது. பிறகு ஒரு பெண், நல்ல மரியாதையாக, வெளியே கட்டிய 11,100க்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். சரி, 3,700? "நீங்களே வேலை முடிந்தது என்று உறுதி செய்துவிட்டீர்களே சார்." மறுபடி எழுதினேன். மறுபடி அதே வரி. மூன்றாவது முறை புகாரையே மூடிவிட்டார்கள். அந்த ஆளின் பக்கத்தில் இன்னும் ஐந்து நட்சத்திரம் மின்னுகிறது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், லோரி எண்ணும் கணக்கு எண்ணும் அவர்களிடம் இருக்கின்றன.

14,800 வெள்ளி யாருடைய பணம்? மாதா மாதம் கட்டும் சின்னச் சின்னக் கடைக்காரர்களின் பணம். அதற்கு மேல் தீ எச்சரிக்கையைச் சரிசெய்ய வேறொரு கம்பெனி 6,400 கேட்கிறது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த அலுவலகக் கட்டடத்துக்கு 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டப்படி பொம்பா (தீயணைப்புத் துறை) சான்றிதழ் வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த மாதம் சோதனை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் நான் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். எந்தக் கம்பி உயிரோடு இருக்கிறது என்று மாடி வாரியாக டேக் கட்டி, பட்டியல் எழுதி, வாடகைக்காரர்களிடம் கையெழுத்து வாங்காமல் கட்டரை உள்ளே விடாதீர்கள். தீ எச்சரிக்கைக் கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்காமல் ரைசரைத் திறக்காதீர்கள். நீளமாக உருவ விடாதீர்கள், துண்டு துண்டாக வெட்டி இறக்கச் சொல்லுங்கள். செம்பு யாருக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசி ஓட்டையை அடைத்த பிறகுதான் பெரும்பங்குப் பணம். வேறு பெயரில் இருக்கும் கணக்குக்கு ஒரு காசு போடாதீர்கள், கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த அதே நிமிடம் மோசடிப் புகார் எண்ணான 997க்குக் கூப்பிடுங்கள், நான் மூன்று நாள் "நாளைக்கு வர்றேன்" என்பதை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

எச்சரிக்கை மணி வேலை செய்யாததால் காவலாளி இரவெல்லாம் டார்ச்சோடு மாடி மாடியாக நடக்கிறார். இன்றைக்கு 7வது மாடி வரை நானும் கூடப் போகிறேன், அங்கே தொங்கும் பலகையை இன்னும் யாரும் தூக்கிக் கட்டவில்லை.