கொச்சி பேக்கேஜுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து வாட்சாப் குழுக்களில் "கொச்சி 4 நாள் 3 இரவு" என்றொரு விளம்பரம் இப்போதும் சுற்றுகிறது. சீன மீன்பிடி வலைப் படம், படகு வீட்டுப் படம், விமான டிக்கெட்டோடு தலைக்கு 1,890 ரிங்கிட். நான், மனைவி, மாமியார் மூவரும் அதில்தான் போய் நொந்து வந்தோம்.

அவர்கள் கணக்கில் முதல் நாள் என்பது வெறும் விமானப் பயணம். வியாழன் இரவு கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் இறங்கிக் குடிநுழைவு முடித்து வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. "ஃபோர்ட் கொச்சியில் கடலோர ஹோட்டல்" என்றார்களே, வேன் பத்தே நிமிடத்தில் நின்றது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜ். ஃபோர்ட் கொச்சி அங்கிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். சாலை நெரிசலில் போக வரவே பாதி நாள் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை, யூதத் தொழுகைக்கூடம். மாமியார் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே அரண்மனைச் சுவரிலுள்ள ராமாயண ஓவியங்களைப் பார்க்கத்தான். கதவு பூட்டியிருந்தது. காவலர் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "வெள்ளியாழ்ச்ச அவதி, அம்மே" என்றார். அரண்மனைக்கு வெள்ளிதோறும் விடுமுறை. 1568-இல் கட்டிய தொழுகைக்கூடத்துக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும். கொச்சிக்கு ஆள் அனுப்பிப் பிழைக்கிறவருக்கு இது தெரியாதா என்ன?

ஓட்டுநருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நேரே ஒரு மசாலாக் கடைக்கு வண்டியை விட்டார். கடைக்காரர் மாமியாரின் உள்ளங்கையில் ஏலக்காயைக் கொட்டி முகரச் சொல்லிக்கொண்டிருக்க, ஓட்டுநர் கல்லாவில் இருந்த நோட்டில் வேன் எண்ணை எழுதினார். கமிஷன் கணக்கு. நாங்கள் ஒன்றும் வாங்காமல் கிளம்பினோம். அப்புறம் வேனில் ஏசி ஓடவில்லை.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், "அண்ணே, அங்க லோக்கல் ஆளுதான் பொறுப்பு, நான் பேசுறேன்" என்றார். பேசவே இல்லை.

சனிக்கிழமை "ஆலப்புழை படகு வீடு". எறணாகுளம் மரைன் டிரைவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட மோட்டார் படகில் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டி, இதுதான் அது என்றார்கள். ஆலப்புழை அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். உண்மையான படகு வீட்டில் நண்பகல் வாக்கில் ஏற்றி மறுநாள் காலை 9 மணி வாக்கில் இறக்குவார்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் கரையில் கட்டிவிடுவார்கள், இரவுத் தூக்கம் படகிலேயே. எங்கள் பயணத்திட்டத்திலோ அன்றிரவுத் தங்கலும் அதே ஹோட்டலில்தான் போட்டிருந்தது! சும்மா படகில் போவதுதான் ஆசை என்றால், 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவை ஐம்பது ரூபாய்க்குள் ஃபோர்ட் கொச்சிக்கே கொண்டுபோய் விடும், ஏசியோடு.

ஆகவே, யார் பேக்கேஜ் விற்றாலும் ஹோட்டலின் பெயரை எழுத்தில் கேளுங்கள். "அல்லது அதற்கு இணையான" என்ற வரி இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமையில் எந்த இடம் என்று போட்டிருக்கிறார்களோ, அந்த இடம் அன்று திறந்திருக்குமா என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அதைவிட முக்கியம் உரிமம். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இல்லாமல் பேக்கேஜ் விற்கக்கூடாது. உரிமம் இருந்தாலும் வெளிநாட்டுப் பயணத்துக்கு அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆள் காட்டிய எண் வேறொரு நிறுவனத்துடையது. பணம் கேட்டதோ சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். இதே ஆளிடம் ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பணம் கட்டியவர்கள் விளம்பரத்தையும் வாட்சாப் பேச்சையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கி ரசீதோடு சேர்த்து வையுங்கள். நாங்கள் சண்டை போட்ட பிறகு, விளம்பரத்தில் ஹோட்டல் வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்.